கழிப்பதற்கென்று பிறந்த எண்

பங்குனி முடியும் தறுவாயில் அச்சுவேலிச் சந்தைப் பக்கம் போனால் கடைகளில் இரண்டு பஞ்சாங்கம் இருக்கும். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். இரண்டும் யாழ்ப்பாணத்திலேயே கணித்தவை. ஆனால் வருடம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்லும். மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேடம் எப்போது கொடுப்பது என்று ஒவ்வொரு வீடும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அப்பா காலத்தில் எது வீட்டில் தொங்கியதோ அதை.

எது சரி என்ற வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாக்கியக் கணிதத்தின் அடியில் ஓர் எண் கிடக்கிறது. அதன் பிறப்பைத்தான் சொல்ல வந்தேன். 1600984. பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. சந்திரன் இன்று எங்கே நிற்கிறது என்று கணிக்க உட்காருபவர் முதல் வேலையாக இந்த எண்ணைக் கழிப்பார். கழித்த பிறகு அதை மறந்துவிடலாம். அவ்வளவுதான் அதன் வேலை.

அது ஒரு நாட்கணக்கு. கலியுகத்தின் முதல் உதயம் சோதிட நூல்களின்படி கி.மு. 3102 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்று தொடங்கி நாட்களை எண்ணிக்கொண்டே வந்தால் 1600984 நாள் கழிந்த உதயம் கி.பி. 1282 மே 22இல் விழுகிறது. சோழப் பேரரசு ஓய்ந்து மூன்று ஆண்டு. மதுரையில் குலசேகர பாண்டியன். அவன் படையோடு ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவாவுக்கு வந்து தந்ததாதுவை எடுத்துப்போவதற்கு இன்னும் ஓரிரு ஆண்டு இருந்தது. அந்தக் காலத்தில் காஞ்சிப் பக்கத்தில் யாரோ ஒருவர் இந்த உதயத்தைப் பொறுக்கி எடுத்தார். ‘வாக்கியகரணம்’ என்ற வடமொழி நூல் அவருடையது. பெயரை அவர் விட்டுச் செல்லவில்லை. ஏறக்குறைய 1500இல் சுந்தரராஜர் அதற்கு உரை எழுதினார். 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் சென்னையில் அதைப் பதிப்பித்தார்கள்.

ஏன் அந்த உதயம்? அதற்கு முதலில் கணிதர்களின் தொல்லையைப் பார்க்க வேண்டும்.

ஆரியபட்டர் கி.பி. 499இல் தந்த கணக்கில் ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டு. அதில் 157 கோடியே 79 இலட்சத்து 17,500 நாள். அந்த நாட்களில் சந்திரன் 5 கோடியே 77 இலட்சத்து 53,336 தடவை வானைச் சுற்றுகிறது. இன்றைய சந்திரன் வேண்டுமென்றால் கலி தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களை, அதாவது ஏழு இலக்க எண்ணை, எட்டு இலக்க எண்ணால் பெருக்கிப் பத்து இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். அது முடிந்தாலும் கிடைப்பது சராசரிச் சந்திரன்தான். உண்மைச் சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குத் தூரமாக இருக்கும்போது மெதுவாகவும், கிட்ட வரும்போது விரைவாகவும் ஓடும். தூரப் புள்ளியை உச்சம் என்பார்கள். உச்சத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து ஒரு திருத்தம் செய்ய வேண்டும். இதற்கு இன்னொரு பெருக்கல், இன்னொரு வகுத்தல், பிறகு ஜியா (சைன்) அட்டவணை. ஒரு நாளுக்கு இவ்வளவு. ஒரு பஞ்சாங்கத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

வாக்கியக்காரர்களின் மூளை இங்கேதான் வேலை செய்தது. உச்சத்திலிருந்து உச்சத்துக்குச் சந்திரன் திரும்ப எடுக்கும் காலம் ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது தடவை திரும்பினால் 248 நாள். ஒரு சூரிய உதயத்தில் சந்திரன் சரியாக உச்சத்தில் நின்றால், 248 நாள் கழித்து மறுபடியும் உதயத்தில் உச்சத்தில் நிற்கும். ஆகவே அந்த 248 உதயங்களுக்கும் சந்திரன் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஒரே ஒரு தடவை பாடுபட்டுக் கணித்துவிட்டால் போதும். பிறகு என்றென்றும் அதே பட்டியல். ஒவ்வொரு விடையையும் எழுத்துக்கு ஓர் இலக்கம் என்ற கடபயாதி முறையில் ஒரு சொற்றொடராக்கி மனனம் செய்யக் கொடுத்தார்கள். அவைதான் வாக்கியங்கள், பஞ்சாங்கத்துக்குப் பெயர் தந்தவை. வரருசி செய்ததாக மரபு சொல்லும் பட்டியல் கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) வரைக்கும் போகும். பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் அதை விகலை (கலையின் அறுபதில் ஒரு பங்கு) வரைக்கும் சீர்செய்தார்.

248 ஒரு கிட்டிய கணக்குத்தான். இன்றைய அளவீட்டில் உச்சத்துக்குத் திரும்பும் மாதம் 27.55455 நாள். அதை ஒன்பதால் பெருக்கினால் 248க்கு 13 நிமிடம் குறையும். ஒரு சுற்றுக்கு 13 நிமிடம் என்றால் பன்னிரண்டு சுற்றில் 2 மணி 36 நிமிடம். இதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் தவறும் ஒரு சுற்று வேண்டும். 55 நாள் அப்படிப்பட்டது: இரண்டு மாதத்துக்கு அது 2 மணி 37 நிமிடம் போதாது. பன்னிரண்டு 248உம் ஒரு 55உம் சேர்ந்தால் 3031. இரண்டு பிழையும் ஒன்றையொன்று விழுங்கி, 110 மாதத்துக்கு, அதாவது எட்டு ஆண்டுக்கு மேல், ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. மாதம் ஒன்றுக்குப் பிழை அரை விநாடிக்கும் குறைவு. இந்தக் கணக்கை நான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

அடுத்தது 12372. நான்கு 3031உம் ஒரு 248உம். 449 மாதம். இன்றைய அளவீட்டின்படி இது 3031ஐ விடச் சற்று மோசம். அப்படியானால் ஏன் சேர்த்தார்கள்? அவர்கள் கையிலிருந்த மாதம் நம்முடையது அல்ல. ஆரியபட்டரின் எண்களை ஏழாம் நூற்றாண்டில் கேரளத்து ஹரிதத்தர் திருத்தினார். சக ஆண்டு 444க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் சந்திரனில் கலையின் 85இல் 9 பங்கும், உச்சத்தில் 134இல் 65 பங்கும் குறைக்க வேண்டும் என்றார். அந்தத் திருத்தத்தோடு மாதத்தைக் கணித்தால் 27.554565 நாள் வருகிறது. 12372ஐ 449ஆல் வகுத்தால் 27.554566, ஏறக்குறைய அதே. ஓர் எண்ணின் தாய்வழி இப்படித்தான் பிடிபடுகிறது.

இனி ஒன்றுதான் பாக்கி. பட்டியல் உண்டு, சுற்றுகள் உண்டு. தொடங்க ஒரு நாள் வேண்டும்: சூரியன் உதிக்கும் கணத்தில் சந்திரன் கச்சிதமாக உச்சத்தில் நிற்கும் நாள். கேட்பதற்கு எளிது. ஒரே நாளில் சந்திரன் உச்சத்தைவிட்டு 784 கலை நகர்ந்துவிடும். ஒரு கலைப் பிசகுக்குள் உதயமும் உச்சமும் பொருந்துவது சராசரியாக முப்பது ஆண்டுக்கு ஒருமுறை. காஞ்சிக்காரர் தன் காலத்துக்கு அண்மையில் அப்படியொரு நாளைத் தேடியிருக்கிறார்.

அவர் தேடலை நாமும் சரிபார்க்கலாம். ஆரியபட்டரின் எண்களை மட்டும் வைத்து 1600984ஆம் நாளுக்குக் கணித்தால் சந்திரன் உச்சத்துக்கு 4 பாகை 47 கலை பின்னால் நிற்கிறது. பெரிய பிசகு. இப்போது ஹரிதத்தரைக் கூப்பிடுவோம். 1282 என்பது சகம் 1204. 444ஐக் கழித்தால் 760 ஆண்டு. சந்திரனில் 1 பாகை 20 கலை குறைகிறது, உச்சத்தில் 6 பாகை 9 கலை குறைகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 4 பாகை 48 கலை. பிசகு ஏறக்குறைய பூச்சியமாகிவிட்டது. சந்திரன் நிற்கும் இடத்தையும் இப்படியே கணித்தால் 212 பாகை வருகிறது. மரபில் 1600984க்குப் பக்கத்தில் எழுதிவைத்த சந்திரன் 212 பாகை 0 கலை 7 விகலை.

இதைவிடத் தெளிவான பிறப்புச் சான்றிதழ் ஓர் எண்ணுக்குக் கிடைக்காது.

212 பாகை என்றால் விருச்சிகத்தில் இரண்டு பாகை, விசாகத்தின் கடைசிப் பாதம். சூரியன் அன்று இடபத்தில். ஆக அது வைகாசி மாதம். வைகாசி விசாகம்! காஞ்சியிலோ இங்கே நம்மிடையிலோ அந்த நாளை முருகனோடு சேர்த்துப் பார்க்காதவர் குறைவு. ஆனால் உச்சத்தைத் தேடியவருக்கு நட்சத்திரத்தைத் தெரிவு செய்ய வழியில்லை, கிடைத்ததுதான். நான் இதைத் தற்செயல் என்றே கொள்கிறேன்.

இன்னொரு தற்செயலும் உண்டு, இது உபகாரமானது. 1600984 ஏழால் மிச்சமின்றி வகுபடும்: 2,28,712 கிழமை. கலி பிறந்தது வெள்ளி. ஆகவே வைகாசி விசாகமும் வெள்ளி. எண்ணைக் கழித்த பிறகும் மிச்சத்தை ஏழால் வகுத்துக் கிழமையைச் சொல்லிவிடலாம், திருத்தம் எதுவும் வேண்டாம். 3031உம் அப்படியே, 433 கிழமை. 248உம் 12372உம் மட்டும் ஆளுக்கு மூன்று மிச்சம் விடும். 12372 என்பது நான்கு 3031உம் ஒரு 248உம் என்பதால் மிச்சம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும். முழுதாகப் பகுத்தால் 1600984 என்பது 8, 7, 11, 23, 113 ஆகியவற்றின் பெருக்கம். 11க்கும் 113க்கும் வானத்தில் ஒரு வேலையும் இல்லை.

சுற்றுகளுக்குப் பெயரும் உண்டு. 248 ‘தேவர’. கடபயாதியில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து படித்தால் 248. 3031 ‘காலானல’: 1, 3, 0, 3. 12372 ‘ரஸகைரிக’: 2, 7, 3, 2, 1. எழுத்துகளின் எண்மதிப்பு வடமொழி வரிசையில் என்பதால் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். இந்தப் பெயர்களை ஐரோப்பாவுக்குச் சொன்னவர் ஜோன் வாரன். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் படையில் சேர்ந்தவர், சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டு பார்த்துக்கொண்டவர். 1825இல் சென்னையில் ‘காலசங்கலித’ என்ற பெரிய புத்தகத்தை அச்சிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடு எதையும் பாராமல், மனனம் செய்த சொற்களைக் கொண்டே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. வாரனுக்கு முன்பே அதே ஊரில் லெ ஜான்தீய் இருந்தார். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து, 1769இல் அந்தக் காலையில் மேகம் மறைத்ததால் பார்க்காமலே போன பாவப்பட்ட மனிதர். காத்திருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் இந்தக் கணிதத்தைக் கேட்டுப் படித்தார். 1765 ஓகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மாயருடையது 68 விநாடி கூடுதல்.

1952இல் ஒட்டோ நொய்கெபவர் வாரனை எடுத்து வைத்து ‘தமிழ் வானியல்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் பபிலோனியக் களிமண் ஏடுகளைப் படிப்பவர். 248ஐ அங்கே ஏற்கெனவே பார்த்திருந்தார். 3031 எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பிரசு ஒன்றில் இருக்கிறது, மூன்றாம் நூற்றாண்டுக்குரியது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இரண்டையும் சொல்கிறார். ஆக 248உம் 3031உம் பயணிகள், பல கைகள் மாறி வந்தவை. 12372க்கு ஹரிதத்தரின் சாயல். நான்கிலும் பெரியதான 1600984தான் வயதில் இளையது, அது மட்டுமே தமிழ் மண்ணில் பிறந்தது. மற்றவை சுற்றின் நீளங்கள், இது ஒரு குறிப்பிட்ட காலைப்பொழுது. பெரிய எண்களை விரட்டுவதற்கென்றே பிறந்த பெரிய எண்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணிதம் ஒருமுறை பொதுவெளியில் வழக்காடப்பட்டது. அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அப்போது பேர்போனது. வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூவர் பாதிரியார் தன் மாணவர்களுக்கு ஐரோப்பிய வானியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1829 மார்ச்சில் வரவிருந்த சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் சொன்ன நேரமும் அளவும் தவறு என்று பூவர் முன்கூட்டியே அறிவித்தார். ஆட்கள் கூடிப் பார்த்தார்கள். பூவர் கணக்குப்படியே நடந்தது. பாதிரியார்கள் அதைச் சைவத்துக்கு எதிரான சாட்சியமாக்கினார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய அளவீடுகளில் தேங்கிய பிழையைத்தான் அன்று சந்திரன் காட்டியது, எந்தத் தெய்வத்தையும் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதே செமினரியில் பின்னால் வந்த ஹொய்சிங்டன் 1848இல் தமிழ்ச் சோதிட நூல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பதிப்பித்தார். இந்த மனிதருக்கு எதிராளியின் கணக்கைப் படித்துப் பார்க்கும் பொறுமை இருந்தது.

அச்சுவேலிக் கடையின் இரண்டு பஞ்சாங்கமும் ஏன் முரண்படுகின்றன என்பதற்கும் விடை இங்கேதான். வாக்கியம் சந்திரனுக்குச் செய்யும் திருத்தம் ஒன்றே ஒன்று, அதிகபட்சம் ஐந்து பாகை. உண்மையில் சூரியனின் இழுப்பால் சந்திரனுக்கு வேறு ஆட்டங்களும் உண்டு. பூரணையிலும் அமாவாசையிலும் எல்லாம் சேர்ந்து அந்த ஐந்து பாகைக்கே கிட்ட வந்துவிடும். பழையவர்கள் கிரகணங்களைப் பார்த்துத்தான் அளவு எடுத்தார்கள், ஆகவே அவர்கள் கண்ணுக்கு வேறு எதுவும் படவில்லை. அட்டமிப் பக்கம் போனால் திருத்தம் ஏழரைப் பாகை வரை வேண்டியிருக்கும். இரண்டரைப் பாகை வித்தியாசம் திதியில் ஐந்து மணி நேரம். திருக்கணிதம் அதைச் சேர்க்கிறது, வாக்கியம் சேர்ப்பதில்லை. இந்தப் பக்கத்துச் சனம் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்கு ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்குப் போவதில் பெரிய வில்லங்கம் வராததற்கும், ஏகாதசி விரதத்தில் சில வேளை இரண்டு வீடு இரண்டு நாள் பிடிப்பதற்கும் காரணம் ஒன்றுதான். வருடப்பிறப்பு வேறு சங்கதி, அது சூரியன் கணக்கு. வாக்கியத்தின் சூரிய ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. நட்சத்திரங்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டைவிட அது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விட்டால் எப்படி? விசுவாவசு வருடம் பிறந்த 2025 ஏப்ரல் 14 உதயத்தை எடுப்போம். கலி நாள் 1872314. அதிலிருந்து 1600984ஐக் கழித்தால் 271330. அதில் 12372 இருபத்தொரு தடவை, மிச்சம் 11518. அதில் 3031 மூன்று தடவை, மிச்சம் 2425. அதில் 248 ஒன்பது தடவை, மிச்சம் 193. வந்தாயிற்று. இனி 193ஆம் வாக்கியத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். தொடக்கத்தின் 212 பாகையோடு ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய பாகைகளைக் கூட்ட வேண்டும்: 12372க்கு 297 பாகை 48 கலை 10 விகலை, 3031க்கு 337 பாகை 31 கலை 1 விகலை, 248க்கு 27 பாகை 44 கலை 6 விகலை. முழுச் சுற்றுகளை நீக்கினால் 168 பாகை 1 கலை 34 விகலை. வாக்கியம் தரும் ஏறத்தாழ 23 பாகையைச் சேர்த்தால் சந்திரன் துலாவில் 11 பாகையை ஒட்டி நிற்கிறது. சுவாதி. அன்றைய நட்சத்திரம் சுவாதிதான்.

193 என்பது உச்சத்துக்குத் திரும்பும் ஏழு மாதத்தைவிட மூன்று மணி நேரம்கூட அதிகமில்லை. அதாவது அன்று விடியப்புறம் சந்திரன் உச்சத்தில் நின்றிருக்க வேண்டும் என்று 1282இன் கணக்குச் சொல்கிறது. முந்தைய நாள்தான் பூரணை, 2025இன் மிகச் சிறிய முழுநிலா என்று செய்திகளில் வந்தது அதுதான். அது சிறுத்துத் தெரிந்ததற்குக் காரணம் உச்சத்தை நெருங்கியிருந்ததே. 743 ஆண்டு ஓடிய பிறகும் காஞ்சிக்காரரின் காலைப்பொழுது சில மணி நேரத்துக்குள் பொருந்துகிறது.

எல்லா மிச்சமும் ஒன்றாகப் பூச்சியமாகும் நாள் அடுத்து எப்போது என்றும் பார்த்தேன். 12372இன் இருபத்திரண்டாம் சுற்று 2027 ஓகஸ்ட் 16, திங்கட்கிழமை உதயத்தில் நிறைகிறது. அன்று சந்திரன் மகரத்தில் 13 பாகை 40 கலை, திருவோணம். மறுநாள் பூரணை, அன்றைக்குப் பட்டியலின் முதலாம் வாக்கியத்தை எடுத்தால் போதும்.